வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம்: எதில் பகிர்ந்துகொள்வது?

மும்பையில் நண்பர்கள் கிடைப்பது சுலபம், அவர்களைப் பார்ப்பதுதான் கஷ்டம். ஒருவர் டோம்பிவிலியில் இருப்பார், ஒருவர் மீரா ரோட்டில், இன்னொருவர் செம்பூரில். லோக்கல் ரயிலில் சென்ட்ரல் லைன்காரரும் வெஸ்டர்ன் லைன்காரரும் சந்திப்பதென்றால் தாதரில்தான் சந்திக்க வேண்டும். அங்கேயும் நின்று பேச இடம் கிடையாது, கூட்டமே ஆளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மாதக்கணக்கில் பார்க்காமலேயே 'நெருங்கிய நண்பர்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வட்டங்கள் இங்கே எக்கச்சக்கம். எங்கள் வட்டமும் அப்படித்தான். எங்களை இப்போது கட்டி வைத்திருப்பது ஒரு போட்டோ விளையாட்டு.

திங்கட்கிழமை ஒருவர் தலைப்பு சொல்வார். மஞ்சள், படிக்கட்டு, காத்திருப்பு, இப்படி ஏதாவது ஒன்று. ஞாயிறு இரவுக்குள் அந்தத் தலைப்புக்கு ஆளுக்கு ஒரே ஒரு படம். அந்த வாரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், பழைய ஆல்பத்திலிருந்து உருவக்கூடாது. விதி அவ்வளவுதான்.

இதைத் தொடங்க நினைக்கும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி, படத்தை எதில் போடுவது என்பது. வாட்ஸாப்பா, கூகுள் போட்டோஸா, டெலிகிராமா, இன்ஸ்டாகிராமா? ஏதோ ஒன்றில் போட்டால் போயிற்று என்றுதான் தோன்றும். ஆனால் எதில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, எடுக்கிற படமே மாறிப்போகிறது.

வாட்ஸாப்பின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது இல்லாத போன் இல்லை. புதிதாக எதையும் இறக்க வேண்டாம், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவையும் சேர்த்துக்கொள்ளலாம். படம் வந்த அடுத்த நிமிடமே பேச்சும் தொடங்கிவிடும்.

படத்தின் தரம் பற்றி நிறையப் பேர் புலம்புவார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸாப் படத்தை நன்றாகவே சுருக்கிவிடும், அது உண்மை. 2023 ஆகஸ்டில் எச்டி வசதி வந்த பிறகு அந்தப் புலம்பலுக்குப் பெரிய நியாயம் இல்லை. அனுப்புவதற்கு முன் மேலே இருக்கும் எச்டி என்ற எழுத்தைத் தொட்டால் போதும். அதுவும் பத்தாது, அசல் கோப்பே வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பலாம், 2 ஜிபி வரை போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். படமாக அனுப்பும்போது வாட்ஸாப் உள்ளே பதிந்திருக்கும் விவரங்களை நீக்கிவிடுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்த நேரம், கேமரா விவரம், போன் கேமராவில் லொகேஷன் திறந்திருந்தால் எடுத்த இடம் உட்பட எல்லாம் கோப்போடு சேர்ந்தே போகும். தெரிந்த ஆட்கள் மட்டும் இருக்கும் குரூப்பில் பரவாயில்லை. நண்பரின் நண்பர் என்று ஆள் சேர்ந்துகொண்டே போகும் குரூப்பில், உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை அப்படி அனுப்பாதீர்கள்.

வாட்ஸாப்போடு எனக்கு உள்ள சண்டை தரத்தைப் பற்றியது அல்ல. செவ்வாய்க்கிழமை காலையிலேயே முதல் படம் வந்து விழுந்துவிடுகிறது, அதுதான் பிரச்சினை. தலைப்பு 'மஞ்சள்' என்று வையுங்கள். மும்பைக்காரர் மனதில் முதலில் ஓடுவது 'காலி பீலி' என்கிற கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். பழைய பிரீமியர் பத்மினி வண்டிகள் இருபது வருட வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன, ஆனால் அந்தக் கறுப்பு மஞ்சள் இன்றும் புது வண்டிகளின் மேல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒருவர் டாக்ஸி கூரையைப் படமெடுத்துப் போட்டுவிடுவார். கூடவே, "அக்கா, டாக்ஸி நான் எடுத்துட்டேன், நீங்க வேற ஏதாவது பாருங்க" என்று ஒரு செய்தியும் வரும். அதற்கப்புறம் பாதிப் பேர் அதைவிட நல்ல டாக்ஸியைத் தேடிப் போவார்கள். மீதிப் பேர், இதற்கு மேல் நாம் என்ன எடுக்க என்று விட்டுவிடுவார்கள். முதல் படம் நன்றாக அமைந்துவிட்டால் அந்த வாரம் பாழ்.

அடுத்தவர் படத்தைப் பார்க்காமல் எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்? மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கத்துப் பூக்கடையில், கட்டி முடித்த சாமந்தி மாலையைத் தூக்கிப் பிடித்து நீளம் பார்க்கும் கை. மழையில் நனைந்த ஸ்டேஷன் பெயர்ப் பலகை. மதிய நேரத்து லோக்கலில் ஒருவர் மடியில் திறந்திருக்கும் எலுமிச்சை சாத டப்பா. இவை எல்லாம் மஞ்சள்தானே.

சேமிப்பும் ஒரு குறைதான். ஆறு மாதம் கழித்து அந்த மஞ்சள் வாரத்துப் படங்களைத் தேடினால், நடுவில் வந்த பிறந்தநாள் வாழ்த்துகளையும், 'சும்மா ஒண்ணே ஒண்ணு' என்று யாரோ தட்டிவிட்ட ஃபார்வர்டுகளையும் தாண்டித்தான் போக வேண்டும். போன் மாற்றும்போது பேக்கப் எடுக்காதவர் கதை இன்னும் மோசம்.

சேமிப்புக்கு என்றால் கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்வு ஆல்பம் நல்ல ஏற்பாடு. வாரத்துக்கு ஒரு ஆல்பம் போடலாம், அல்லது வருடம் முழுதுக்கும் ஒன்றே வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். படத்துக்குக் கீழேயே கருத்து எழுதலாம். "ஐயோ, இடம் தீர்ந்துபோகுமே" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும், அதே 15 ஜிபியில்தான் ஜிமெயிலும் டிரைவும். சரி, ஒரு படம் 4 எம்பி என்றால் 52 வாரத்துக்குச் சுமார் 200 எம்பி. அதுவும் அவரவர் போடும் படம் அவரவர் கணக்கில்தான் கழியும். உங்கள் இடத்தைத் தின்பது இந்த விளையாட்டு அல்ல, கல்யாண வீடியோக்கள்.

ஆனால் அங்கே வேறு சில குழிகள் இருக்கின்றன. ஆல்பத்தில் போட்ட படத்தை ஒருவர் தன் போட்டோஸிலிருந்து அழித்தால் ஆல்பத்திலிருந்தும் அது போய்விடும். கோபித்துக்கொண்டு ஆல்பத்தை விட்டு வெளியேறினால் அவர் போட்ட எல்லாப் படமும் அவரோடு போய்விடும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் முழு ஆல்பத்தையும் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பையும், படம் எடுத்த இடத்தைக் காட்டும் அமைப்பையும் ஆல்பம் தொடங்கும்போதே அணைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, அங்கே நிலவும் அமைதி. கூகுள் போட்டோஸ் ஆல்பத்தை யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை. படம் போட்டால் வரும் அறிவிப்பையும் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் ஒருவர் கருத்தும் வராவிட்டால் எடுப்பவருக்கே அலுத்துவிடும். முதல் படத்தைப் பார்த்து மற்றவர்கள் திசை மாறுவதும் இங்கே உண்டு. பார்ப்பவர்கள் குறைவு என்பதால் பாதிப்பும் குறைவு, அவ்வளவே.

டெலிகிராமை நம்மவர்கள் சினிமா இறக்குவதற்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்ற கெட்ட பெயர் உண்டு. இந்த விளையாட்டுக்கு அதில் ஒரு அருமையான வசதி இருக்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து அனுப்பலாம். செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தை அன்றைக்கே ஏற்றி, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு என்று குறித்துவிட்டு மறந்துவிடலாம். எல்லோரும் இப்படிச் செய்தால் ஒன்பது மணிக்கு எல்லாப் படமும் ஒன்றாக வந்து விழும், யாரும் யாரையும் பார்த்து எடுக்க முடியாது. ஃபைலாக அனுப்பினால் தரமும் குறையாது, பழையவை கிளவுடில் இருப்பதால் போன் மாற்றினாலும் போகாது. ஏட்டளவில் பார்த்தால் இதுதான் முதலிடம். நடப்பில் என்ன ஆகிறது என்றால், அதற்கென்றே டெலிகிராமைத் திறக்க வேண்டும் என்பதாலேயே வட்டத்தில் இரண்டு பேராவது வரமாட்டார்கள். எல்லோரிடமும் ஏற்கனவே டெலிகிராம் புழக்கத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராமைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. ஹேஷ்டேக் வைத்து வாராந்திரத் தலைப்புப் போட்டி நடத்துவது அங்கே பழைய வழக்கம், இன்ஸ்டாகிராம் நிறுவனமே முன்பு வார இறுதிகளில் அப்படி நடத்தியிருக்கிறது. தெரியாதவர்கள் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள், அதில் ஒரு போதை உண்டு. போட்டோகிராபியைத் தொழிலாக்கும் எண்ணம் இருந்தால் அங்கேதான் போட வேண்டும். நண்பர்களுக்குள் விளையாட அது சரிப்படாது. படம் நண்பனுக்காக இல்லாமல் ஊருக்காக எடுக்கப்படுகிறது. மரைன் டிரைவ் சூரிய அஸ்தமனம் லைக் வாங்கும், சாரை சாரையாக அதையே எடுப்பார்கள். மாடிப்படி திருப்பத்தில் காய்ந்துகொண்டிருக்கும் பள்ளிக்கூட ஷூ லைக் வாங்காது, ஆகவே அதை எடுக்கவே மாட்டார்கள். க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் பட்டியலுக்குள் ஸ்டோரியாகப் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஃபீடில் போட்டால் அகலம் 1080 பிக்சலுக்குச் சுருங்கும். நண்பர்களின் கருத்தும் ஒரு தீ எமோஜியோடு முடிந்துவிடும்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். எல்லோரும் ஐபோன் என்றால் ஐகிளவுடின் பகிர்வு ஆல்பம் வசதியானது. 5000 படம் வரை கொள்ளும், உங்கள் ஐகிளவுட் இடத்திலும் கழியாது, ஆனால் நீளப் பக்கம் 2048 பிக்சலுக்குக் குறைந்துவிடும். ஒரே ஒரு ஆண்ட்ராய்டுக்காரர் இருந்தாலும் அவர் வேடிக்கை பார்க்கலாம், படம் போட முடியாது. ஃப்ளிக்கரில் தனிக் குழு வைக்கலாம், இலவசக் கணக்குக்கு 1000 படம்தான். கேமராப் பைத்தியங்கள் மட்டும் இருக்கும் வட்டத்துக்கு அது இன்றும் நல்ல இடம்.

கடைசியாக ஒன்று இருக்கிறது, யாரும் அதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை. பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு நேரில் சந்திப்பது. இந்த ஊரில் அதற்கு நீண்ட மரபு உண்டு. பம்பாய் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கியது 1854-இல், கேமராவைத் தூக்கவே ஆள் வைத்துக்கொள்ள வேண்டிய காலம். இன்றைக்கு 4×6 அங்குலப் பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) கணக்கில், 1200×1800 பிக்சல் போதும். எந்தப் போனும் அதைவிடப் பல மடங்கு எடுக்கிறது. வாட்ஸாப்பில் சுருங்கி வந்த படத்தைக் கடைக்காரரிடம் கொடுக்காமல், அசலைக் கொடுங்கள், அவ்வளவுதான்.

நேரில் பார்க்கும்போது நடப்பதே வேறு. போனில் ஒரு படத்தை விரலால் தள்ளிவிட ஒரு நொடி போதும். கையில் பிரிண்ட்டை வாங்கியவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்புவார், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார், "இது சயான் ஸ்டேஷன் பாலம்தானே?" என்று கேட்பார். உடனே நாலு பேர் "இல்லை, குர்லா" என்று சண்டைக்கு வருவார்கள். மாட்டுங்கா டிபன் கடைகளில் இதை முயலாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் காத்திருக்கும் கூட்டத்தின் பார்வை உங்கள் முதுகில் இருக்கும், மேஜையில் படம் பரப்ப விடமாட்டார்கள். காபியை முடித்துக்கொண்டு ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கம் நடந்துவிட்டால் மர நிழலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். வாராவாரம் இது நடக்காது, லைன்கள் அனுமதிக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதுவரை வந்ததில் ஆளுக்கு நாலைந்து பிரிண்ட் என்று வைத்துக்கொண்டால் நடக்கும். மற்ற வழிகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதே தவிர, அவற்றுக்கு மாற்று அல்ல.

சரி, நான் எதைச் சொல்வேன்? சாதாரணமான கலவை நண்பர் வட்டத்துக்கு, பேச்சு வாட்ஸாப்பில், சேமிப்பு கூகுள் போட்டோஸில். நடுவில் ஒரு ஆள். அந்த ஆள்தான் முக்கியம்.

அந்த வாரத் தலைப்பைக் கொடுத்தவர் படம் எடுக்க வேண்டாம். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் படத்தைக் குரூப்பில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும், எச்டியில். ஞாயிறு இரவு அவர் எல்லாவற்றையும் பெயர் இல்லாமல் ஒன்றாகக் குரூப்பில் இறக்குவார். யாருடையது எது என்று ஊகிப்பதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். கேமரா கிளப் போட்டிகளில் நடுவருக்குப் படத்தைப் பெயர் மறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு. அதையே எடுத்துக்கொண்டோம், நடுவரை மட்டும் விட்டுவிட்டோம். பெயர் தெரிந்த பிறகு அவரவர் தங்கள் படத்தை ஆல்பத்தில் ஏற்றுவார்கள். அடுத்த வாரம் தலைப்புக் கொடுப்பவர் மாறுவார், சேகரிக்கும் வேலையும் அவரோடு மாறும். ஒருவர் தலையிலேயே அட்மின் வேலை விழாது.

பெயர் இல்லாமல் வரும்போது ஒரு நல்ல காரியம் நடக்கிறது. பெரிய கேமரா வைத்திருப்பவர் படம் என்றதும் "சூப்பர் ப்ரோ" என்று சொல்லும் பழக்கம் நின்றுவிடுகிறது. சாதாரணப் போனில் எடுத்தது எது, முழு ஃப்ரேம் கேமராவில் எடுத்தது எது என்று வாட்ஸாப் திரையில் பெரும்பாலும் தெரியாது. எதைப் பார்த்தோம், எங்கே நின்றோம் என்பதுதான் தெரியும்.

ஓட்டெடுப்பு வைக்கலாமா என்று கேட்பார்கள், வாட்ஸாப்பில் அதற்கென்றே 'போல்' (poll) வசதி வேறு கையருகே இருக்கிறது. என் பேச்சைக் கேட்டால் வேண்டாம். வாராவாரம் ஒருவரே ஜெயிப்பார், மற்றவர்கள் நைஸாகக் கழன்றுகொள்வார்கள். அதற்குப் பதில், தன்னுடையதல்லாத ஏதாவது ஒரு படத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம். 'சூப்பர்', 'செம' இரண்டுக்கும் தடை.

தலைப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் பொருளைக் கொடுப்பதா, மனதில் இருப்பதைக் கொடுப்பதா? தொடக்கத்தில் பொருளும் நிறமும்தான் நல்லது. பூட்டு, கை, நீலம், சக்கரம். 'தனிமை' என்று ஆரம்பித்தால் எல்லோரும் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முதுகை எடுத்துக்கொண்டு வருவார்கள். கை பழகியபின் 'காத்திருப்பு', 'பாதி', 'அதிகம்' போன்றவை சுவாரசியமாக இருக்கும்.

ஊரின் காலநிலையைப் பார்த்துத் தலைப்புக் கொடுக்க வேண்டும். ஜூலையில் 'நிழல்' என்று கொடுத்தவரை மும்பையில் யாரும் மன்னிக்க மாட்டார்கள், வாரக்கணக்கில் வெயிலே வராது. எங்கள் வட்டத்தில் அப்படி ஒரு தடவை நடந்தபோது ஒருவர் கட்டட லாபியில் விரித்துக் காயப்போட்டிருந்த குடைகளை எடுத்தார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவற்றின் நிழல்கள் சுவரில் வௌவால் கூட்டம் மாதிரி தொங்கின. அப்படி எல்லோருக்கும் அமையாது. மழைக்காலத்துக்கு 'நீலம்' கொடுங்கள், கூரைகளின் மேல் தார்ப்பாய் கட்டாத தெருவே இருக்காது. நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கே சூரியன் இறங்கிவிடும், ஜூலையில் ஏழேகால் தாண்டும். ஆகவே குளிர்காலத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வெளிச்சம் கிடைப்பது காலை லோக்கலிலும் சனி, ஞாயிறிலும்தான். அந்த மாதங்களில் இரவுத் தலைப்புகளை வைத்தால் யாரும் முனக மாட்டார்கள். 'பறவை' என்று கொடுக்க நினைத்தால் குளிர்காலத்துக்கு ஒத்திப்போடுங்கள், அப்போது செவ்ரி சேற்றுக் கரையில் ஃபிளமிங்கோக்கள் இருக்கும்.

மறைந்துகொண்டிருக்கும் பொருள்களையும் தலைப்பில் நுழைத்துவிடுங்கள். பழைய டீசல் டபுள் டெக்கர் பஸ்கள் 2023 செப்டம்பரில் நின்றபோது ஊரே கேமராவோடு தெருவில் இறங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பு, காலியான மேல்தட்டில் முன் சீட்டிலிருந்து யாராவது ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அதன் மதிப்பே வேறு.

மனிதர்களை எடுப்பதில் எந்த வழியில் பகிர்கிறீர்கள் என்பது மறுபடியும் உள்ளே வருகிறது. நாலு சுவருக்குள் இருக்கும் குரூப்பில் போவதும், ஊர் பார்க்க இன்ஸ்டாகிராமில் போவதும் ஒன்றல்ல. தாராவி கும்பார்வாடாவில் சக்கரம் சுற்றும் குயவர்கள் கேமராவைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள். கேட்டுவிட்டு எடுங்கள், அடுத்த முறை போகும்போது ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள், அதற்கப்புறம் டீ வாங்கிக் கொடுப்பார்கள். லோக்கல் ரயிலில் தூங்குகிறவர்களை எடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு, அதிலும் பெண்கள் பெட்டியில் யார் முகத்தையும் எடுப்பதில்லை. கைகள், பைகள், பூ, ஜன்னல் கம்பி என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. படம் எடுக்கத் தடை என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆள் எண்ணிக்கை ஆறிலிருந்து பத்துக்குள் இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் இரண்டு பேர் ஊருக்குப் போன வாரம் காலியாகிவிடும், கூடினால் யாருடைய படத்தையும் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். கோயம்புத்தூருக்கோ திருநெல்வேலிக்கோ வேலை மாற்றலாகிப் போன நண்பரை விட்டுவிடாதீர்கள். 'சக்கரம்' என்ற தலைப்புக்கு இங்கிருப்பவர்கள் கைவண்டியும் லோக்கலும் எடுக்கும்போது, அவர் ரோட்டோரத்துக் கரும்புச்சாறு மெஷினை அனுப்புவார்.

எல்லா வட்டத்திலும் சில வாரம் கழித்து ஒருவர் படம் அனுப்புவதை நிறுத்துவார். குரூப்பில் அவர் பெயரைப் போட்டு நச்சரிக்க வேண்டாம். அடுத்த வாரத் தலைப்பை அவரிடம் கேளுங்கள். சேகரிக்கும் வேலையும் அவருக்கே போய்விடும், அந்த வாரம் அவர் படம் எடுக்கவும் தேவையில்லை.